இருநூற்று எழுபது கிலோ வெள்ளை

நியூ ஆர்லியன்ஸில் திங்கட்கிழமை என்றால்
சிவப்பு பீன்ஸும் சோறும்.
தொழிற்சாலை கேன்டீனில் எனக்கு எதிரே
அல்சீட் ரோபிஷோ சாப்பிடுகிறான்.
நகக்கண்ணில் வெள்ளை, புருவத்தில் வெள்ளை,
காது மடலில் ஒரு பொட்டு.
அவன் பெயின்டர்.
நான் எடை எழுதுகிறவள்.
ஓர் ஆணிகூட என் தாளைக் கடக்காமல்
வானம் போனதில்லை.

நாங்கள் செய்வது தொட்டி.
பதினைந்து மாடி உயரம்.
விண்ணோடத்தின் வயிற்றோடு ஒட்டிக் கிளம்பி
எரிபொருள் தீர்ந்ததும் கழன்று விழும்.
மொத்த ஆயுள் எட்டரை நிமிடம்.

முதல் இரண்டுக்கும் வெள்ளை அடித்தது
அல்சீட்டின் குழு.
ஞானஸ்நானத்துக்குப் போகும் பிள்ளை மாதிரி இருக்கிறது
என்றான் இரண்டாவதை முடித்த அன்று.
எட்டரை நிமிடம் என்று நான் சொல்லவில்லை.
அவனுக்கும் தெரியும்.

மேலேயிருந்து கேட்டார்கள், எங்கே குறைக்கலாம்?
வரிவரியாகப் போனேன்.
குழாயைத் தொட முடியாது, வெல்டைத் தொட முடியாது,
போல்ட்டுகளைப் பற்றிப் பேச்சே இல்லை.
நாற்பத்தோராம் வரி:
பெயின்ட், வெள்ளை, இருநூற்று எழுபது கிலோ.
நான்கு ஆள் எடை.
நான்கு பேர் தொட்டியைக் கட்டிக்கொண்டு
சும்மா வானம் போகிறார்கள்.

எதற்கு இது என்று விசாரித்தேன்.
ஏவுதளத்தில் நிற்கிற நாட்களில்
வெயில் நுரையைக் கெடுத்துவிடாமல் இருக்க.
நுரைத் துண்டுகளை வெயிலில் போட்டுப் பார்த்தார்கள்.
கெடவில்லை.
கறுத்தது, அவ்வளவுதான்.

பென்சிலை எடுத்தேன்.
அவன் அடித்ததை
நான் அடித்தேன்.

சொன்னபோது ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.
சனி ஞாயிறுகளில் இறால் படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன்.
"படகை உப்பு தின்னும், புழு தின்னும், பாசி தின்னும்.
அங்கே எது தின்னும்?"
எதுவும் இல்லை, என்றேன்.
துருப்பிடிக்கக்கூடக் காற்று வேண்டும்.
"அப்படியென்றால் சரி" என்றான்.
சரியில்லாத குரலில்.

மூன்றாவது தொட்டி வெண்ணெய் நிறத்தில் வெளியே வந்தது.
கால்வாயில் பார்ஜ் ஏறி
புளோரிடாவுக்குப் போனது.
அங்கே
வெயில் அடித்தது.
மஞ்சள், பிறகு பரங்கிக்காய்,
பிறகு செங்கல், அதுவும் திட்டுத்திட்டாக.
சுரண்டிப் பூசிய இடமெல்லாம் வெளிறி,
வேறொரு சட்டையின் துணியில் போட்ட ஒட்டு மாதிரி.

பேட்டன் ரூஜிலிருந்து என் தங்கை கூப்பிட்டாள்.
"டிவியில் பார்த்தேன், துருப்பிடித்துக் கிடக்கிறது.
பெயின்ட் வாங்கக் காசில்லையா உங்களிடம்?"
இல்லை என்று சொல்லிவிட்டேன்.
விளக்கினால் நேரமாகும்.

விண்ணோடத்தையும் ஒருமுறை அருகில் போய்ப் பார்த்தேன்,
திரும்பி வந்த பிறகு.
வயிற்று ஓடுகளில் நெருப்பு நக்கிய தடங்கள்,
காற்று போன திசைக்கே வகிடு எடுத்து.
பழைய ஓடுகள் சாம்பல் பூத்துவிட்டன.
மாற்றியவை மட்டும் கன்னங்கரேல்.
புதியவைதான் அங்கே அசிங்கமாகத் தெரிந்தன.
கழுவ மாட்டீர்களா என்றேன்.
அழுக்கென்றால் கழுவலாம், என்றார் அங்கே நின்ற பெண்.

ஏவிய காலை கேன்டீனில் டிவி.
அல்சீட் என் பக்கத்தில் நின்றான்.
நகங்களில் இப்போது மஞ்சள்:
தரையில் பாதைக்கோடு போடுகிற வேலை கொடுத்திருந்தார்கள்.
எட்டரை நிமிடமும் பேசவில்லை.
தொட்டி கழன்றதும்
"நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்றான்.
யார் என்றேன்.
கண்ணாடி ஜன்னல் பக்கம் தாடையை நீட்டினான்.
வெளியே கார் கூரைகளில் கண்கூசும் வெயில்.

பிறகு கேட்டான்:
"என் இருநூற்று எழுபது கிலோவுக்குப் பதிலாக
என்ன ஏற்றினீர்கள்?"

தேடிப் பார்த்தேன்.
எந்த வரியிலும் அது மொத்தமாக இல்லை.
கொஞ்சம் கேபிளில், கொஞ்சம் தண்ணீரில்,
யாரோ ஒருத்தரின் மதியச் சாப்பாட்டில்
கரைந்து போயிருக்கலாம்.
அடுத்த திங்கள் அவனிடம்
சாப்பாடு என்று மட்டும் சொன்னேன்.